'பரட்டைத் தலை' என்கிறார்கள்... கெரட்டின் செய்துகொள்ளலாமா டாக்டர்?

வாசகி ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளமும் தவிர்த்து அதன் சாரம் இது. வயது 31. சிறுமியாக இருந்தவரை நேரான முடி. பருவமடைந்த பிறகு சுருள ஆரம்பித்து, இப்போது பாதி முதுகு வரை நல்ல சுருட்டை. ஈரமாக இருக்கும்போது அழகாகச் சுருண்டிருப்பது, காய்ந்ததும் சிலிர்த்து உப்பிப் போகிறது. முடி கொட்டும் என்ற பயத்தில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தலைக்குக் குளிக்கிறார். குளிக்கும் அன்று ஒரு கைப்பிடி முடி வருகிறது. வறட்சிக்கும் பொடுகுக்கும் சேர்த்து தினமும் எண்ணெய் வைத்து, நெருக்கமான பல் உள்ள சீப்பால் காலையும் மாலையும் மேலாக வாரி, இறுக்கிக் கொண்டை போட்டுவிடுகிறார். முக்கியமான நாட்களில் குளித்த ஈரம் காயும் முன்பே ஸ்ட்ரெய்ட்னர் வைக்கிறார். முடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிகின்றன. நெற்றி ஓரங்களில் முடி 'கொஞ்சம் ஏறிவிட்டது போல' இருக்கிறது. நான்கு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் ஒருவர் "இன்னிக்கு தலை வாரலையா?" என்று கேட்டது மனதில் தைத்துவிட்டது. பார்லரில் முடியை நேராக்கும், 'ஃபார்மால்டிஹைடு இல்லாத' கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்தால் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை என்கிறார்கள். இதற்கிடையில் இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறார். ஆறு வயது மகளுக்கும் இதே முடி. சீப்பைக் கண்டாலே அழுகிறாள். அவளுக்கு மொட்டை அடித்தால் நேராக வளரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். "என் முடிக்கு என்ன நோய்? கெரட்டின் செய்யலாமா? பிறகு மகளுக்கும் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று. உப்பிப் போவதும் சிலிர்ப்பதும் நோய் இல்லை. உங்களுக்கு இருப்பது சுருட்டை முடி. அதை நேரான முடிக்கு உரிய முறையில் இத்தனை வருடம் பராமரித்து வந்திருக்கிறீர்கள். நேரான முடி, காய்ந்தபின் வாரினால் படியும். சுருட்டை முடி, காய்ந்தபின் வாரினால்தான் பரட்டையாகும். அலுவலகத்தில் கேட்டவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் அன்று தலை வாரியிருந்ததுதான் பிரச்சினையே.

முடி சுருளுமா, நேராக வருமா என்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலின் வடிவத்தைப் பொறுத்தது. வளைந்த மயிர்க்காலிலிருந்து வரும் முடி வளைந்தே வரும். வெளியே நாம் பார்ப்பது கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற இழை. அதில் எதைத் தடவினாலும் மயிர்க்காலின் வடிவம் மாறாது. ஹார்மோன்களால் மாறக்கூடும். பருவமடையும்போதும், பிரசவத்தை ஒட்டியும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் முடியின் தன்மை மாறுவதை நிறையப் பேரிடம் பார்க்கிறோம். உங்களுக்கு நடந்ததும் அதுதான். (வளர்ந்த ஒருவருக்குச் சில மாதங்களிலேயே திடீரென்று முடியின் தன்மை மாறினால் அது வேறு கதை. தைராய்டு குறைபாட்டையும், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளையும் யோசிக்க வேண்டும்.)

சரி, ஈரத்தில் அழகாக இருந்தது காய்ந்ததும் ஏன் கெடுகிறது? முடிக்குள் இருக்கும் புரதச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் இவை விட்டுப்போகும். காயும்போது, முடி அப்போது எப்படிக் கிடக்கிறதோ அதே நிலையில் மறுபடி சேர்ந்துகொள்ளும். சுருள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும்போது காய்ந்தால் கொத்தாகவே நிற்கும். துண்டால் பரபரவென்று துவட்டி, விரலால் உதறிப் பிரித்துக் காயவைத்தால் ஒவ்வொரு முடியும் தன் போக்கில் வளைந்து நிற்கும். அதற்குப் பிறகு காற்றிலிருக்கும் ஈரப்பதம் உள்ளே புகுந்து, சேர்ந்த பிணைப்புகளை மறுபடி கலைக்கும். ஸ்ட்ரெய்ட்னர் வைத்த முடி மழை நாளில் மதியத்துக்குள் சுருண்டுவிடுவதும் இதனால்தான்.

வேலையெல்லாம் ஈரத்தில்

வாரத்துக்கு ஒருமுறையாவது தலைக்குக் குளியுங்கள். பொடுகு இருப்பதால் இப்போதைக்கு இரண்டு முறை. ஷாம்பூவைத் தலையின் தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். அலசும்போது வழியும் நுரை கீழே இருக்கும் முடிக்குப் போதும். நீளமுடியைத் தலைக்கு மேல் குவித்துக் கசக்கினால் சிக்கு விழும்.

அடுத்தது கண்டிஷனர். இதில் கஞ்சம் வேண்டாம். சேதமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் இருக்கும் நேர்மின்னேற்றப் பொருட்கள் அதில் போய்ப் படிந்து, முடிக்கு முடி உராய்வதைக் குறைக்கும். காதுக்குக் கீழே உள்ள முடி முழுக்க வழவழவென்று ஆகும் அளவுக்குப் போடுங்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு கொத்து முடியைக் கையில் பிடித்துக் கசக்கினால் சதசதவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் கண்டிஷனரோ தண்ணீரோ குறைவு.

சிக்கெடுக்க வேண்டியது இந்த நேரத்தில்தான். தண்ணீரும் கண்டிஷனரும் தலையில் இருக்கும்போதே, முதலில் விரலால், பிறகு பல் அகன்ற சீப்பால். நுனியில் ஆரம்பித்து, அது விட்டதும் கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள சிக்கெல்லாம் கீழே ஒரே முடிச்சாகச் சேரும். ஒன்றை மறக்க வேண்டாம்: நனைந்த முடி காய்ந்த முடியைவிடச் சுலபமாக இழுபட்டு அறும். அதனால் வெறும் ஈரத்தில் சிக்கெடுக்கக் கூடாது, வழவழப்பு இருக்க வேண்டும். இந்தச் சீப்பு வேலை முடிந்தால் அடுத்த குளியல் வரை சீப்புக்கு வேலை இல்லை.

அலசிய பிறகு துண்டை முறுக்கிக் கட்டாதீர்கள். பழைய பருத்தி டீ-ஷர்ட்டால் கீழிருந்து மேலாக ஒற்றி எடுங்கள். முடி சொட்டுவது நின்று, இன்னும் நன்றாக ஈரமாக இருக்கும்போதே கழுவத் தேவையில்லாத கண்டிஷனர் கொஞ்சம், அதன்மேல் ஜெல். குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு, நுனியைக் கையில் ஏந்தி வேரை நோக்கி மடித்துக் கசக்கி விடுங்கள். சுருள் தானாகக் கொத்துச் சேர்வதைப் பார்ப்பீர்கள். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். முழுக்கக் காயும் வரை தொடக் கூடாது. எல்லாவற்றிலும் கடினமான பகுதி இதுதான். அடிக்கடி கை போகும்.

காய்ந்ததும் தொட்டால் மொறமொறவென்று விறைப்பாக இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் 'ஜெல் எனக்குச் சரிப்படாது' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த விறைப்பு ஜெல் போட்டிருக்கும் மெல்லிய உறை. காற்றின் ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். இரண்டு சொட்டு எண்ணெயோ சீரமோ உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு முடியைக் கசக்கினால் விறைப்பு உடைந்து மெத்தென்று ஆகிவிடும், சுருள் அப்படியே நிற்கும். அவசரமென்றால் டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் மூடி) மாட்டிய ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பயன்படுத்தலாம். மறுநாள் காலையில் கலைந்திருந்தால் தண்ணீர் தெளித்துக் கசக்கிவிட்டால் போதும். இரவில் உச்சியில் தளர்வாகக் கட்டிக்கொண்டு, வழுக்கலான துணி உறை போட்ட தலையணையில் படுத்தால் கலைவதும் குறையும்.

என்ன ஷாம்பூ வாங்குவது என்று இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். சல்ஃபேட் இல்லாதது, சிலிக்கான் இல்லாதது என்று லேபிளைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மென்மையான ஷாம்பூ சுருட்டை முடிக்கு நல்லது, உண்மைதான். ஆனால் சிலிக்கான் முடியை 'மூச்சுவிட விடாது' என்பது கதை. முடி மூச்சு விடுவதில்லை. பரட்டையைக் குறைப்பதில் சிலிக்கான் சீரம் நன்றாகவே வேலை செய்யும். பிசுபிசுப்பு சேர்ந்துவிட்டது போலிருந்தால் அவ்வப்போது ஒருமுறை வலுவான ஷாம்பூ போட்டுக் கழுவினால் போய்விடும். சமையல் சோடாவால் மட்டும் தலை கழுவாதீர்கள். அது காரத்தன்மை உள்ளது. முடியின் மேற்புறச் செதில்கள் தூக்கிக்கொள்ளும், உராய்வு கூடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு திருத்தம். எண்ணெய் முடிக்கு ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரம் போகாமல் காக்கும். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. தலைக்குக் குளிப்பதற்கு முன் நீளமுடியில் தடவினால், கழுவும்போது முடி புரதத்தை இழப்பது குறையும். அதனால் எண்ணெயை விட வேண்டியதில்லை, இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். ஆனால் பொடுகுள்ள தோலில் தேய்க்காதீர்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலஸீஸியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. செதில் உதிர்வதைப் பார்த்து 'தலை காய்ந்துவிட்டது' என்று நினைத்து எண்ணெய் வைக்கிறீர்கள். எண்ணெயில் ஊறி அது வெளியே தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இருமுறை, தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசலாம். நான்கு வாரத்தில் அடங்க வேண்டும். கருத்தரிக்க முயல்வதால், ஆரம்பிக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டுவது வேறு, உடைவது வேறு

கைப்பிடி முடியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நேரான முடி உதிர்ந்தால் தோளில், தரையில் விழுந்துவிடும். சுருட்டையில் உதிர்ந்தது சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். நீங்கள் மேலாகத்தான் வாருகிறீர்கள், பத்து நாள் கழித்துக் குளிக்கிறீர்கள். அத்தனை நாள் முடியும் ஒரே நாளில் கைக்கு வருகிறது. குளியலைத் தள்ளிப்போட்டு நீங்கள் காப்பாற்றிய முடி ஒன்றுகூட இல்லை.

அடுத்த முறை கைக்கு வரும் முடியில் சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு இயல்பாக உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. நீங்கள் சொன்ன வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தால், உங்களுக்கு உடைவதும் நடக்கிறது என்றே தோன்றுகிறது. சிலர் அந்தப் புள்ளியை ஈர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வெள்ளைப் புள்ளி முடியின் இழையிலேயே இருக்கும். லேசாக இழுத்தால் அந்த இடத்தில் ஒடியும். நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு பிரஷ்களை முகத்துக்கு முகம் செருகியது போல இழைகள் பிரிந்து தெரியும். திரும்பத் திரும்ப உராய்வதாலும் சூட்டினாலும் வருவது.

ஈரத்தோடு ஸ்ட்ரெய்ட்னர் வைக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்து ஆவி பறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அது முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதிக்கும் சத்தம். ஈர முடியில் 125 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உள்ளே குமிழிகள் உண்டாகிவிடும்; ஸ்ட்ரெய்ட்னர்களோ பெரும்பாலும் 150-க்கு மேல்தான் வேலை செய்கின்றன. குமிழி உள்ள இடத்தில் முடி ஒடியும். எப்போதாவது ஒரு விசேஷத்துக்கு வைத்தே ஆகவேண்டுமென்றால், முழுக்கக் காய்ந்த முடியில், வெப்பக் காப்பு ஸ்பிரே அடித்து, 180-ஐத் தாண்டாமல், ஒரு கொத்துக்கு ஒரே இழுப்பு. வெடித்த நுனி எந்த மருந்துக்கும் ஒட்டாது, வெட்டத்தான் வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும்; சேதமான நீளத்தை ஒரே நாளில் வெட்ட மனமில்லையென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப்போன விஷயம்: நெற்றி ஓரம். இறுக்கிப் பின்னுவதும் கொண்டை போடுவதும் வருடக்கணக்கில் தொடர்ந்தால் முன்வரிசை மயிர்க்கால்கள் இழுபட்டு இழுபட்டுப் பலவீனமாகும். ஆரம்பத்தில் இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். விட்டுவிட்டால் அங்கே தழும்பாகி, பிறகு எந்தச் சிகிச்சைக்கும் முளைக்காது. கொண்டை போட்டபின் நெற்றித் தோல் இழுப்பது போலவோ வலியோ இருந்தால் அது இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். பரட்டையை அடக்கத்தான் கொண்டை போடுகிறீர்கள். அதற்கு விலையாக முடியையே கொடுக்க வேண்டாம். தளர்வான கிளிப், துணி சுற்றிய பேண்ட், அல்லது முடியை விரித்துவிடுவது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது தோல் மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். கடிதத்தை வைத்துத் தழும்பு இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது.

கெரட்டின் ட்ரீட்மென்ட் பற்றி

பெயரைக் கேட்டால் முடிக்குச் சத்து ஊட்டுவது போலத் தோன்றும். முடியை நேராக்குவது கெரட்டின் இல்லை. ஃபார்மால்டிஹைடு அல்லது அது போன்ற ஒரு வேதிப்பொருள் புரதங்களைப் பிணைக்கிறது; 230 டிகிரி வரை சூடான ஸ்ட்ரெய்ட்னர் அதை நேராகவே நிறுத்திவைக்கிறது. ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பார்லரில் கண் எரிந்து, தொண்டை கமறுவது இதனால்தான். அங்கே நாள் முழுக்க வேலை செய்யும் பெண்களுக்கு இந்த ஆபத்து உங்களைவிட அதிகம்.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று எழுதியிருந்தால் போதாது. மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் அதே பொருள் இருக்கலாம். கிளையாக்ஸிலிக் ஆசிட் உள்ளவை இன்னொரு வகை. அதைத் தலையில் போட்டுக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு, மூன்று முறை செய்ததில் மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2022-இல் அமெரிக்காவில் முப்பத்து மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அதில், நேராக்கும் ரசாயனங்களை வருடத்துக்கு நாலு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என்றும், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம் என்றும் கணித்திருந்தார்கள். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதனால்தான் வந்தது என்று நிரூபிக்கவில்லை. ஒருமுறை செய்துகொண்டவர்கள் பதற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. கருத்தரிக்க முயல்கிறீர்கள், முடி ஏற்கெனவே ஒடிகிறது, நெற்றி ஓரம் மெலிந்திருக்கிறது. இப்போது வேண்டாம் என்பது என் தெளிவான அபிப்பிராயம். ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று நிரந்தரமாக நேராக்குவதும் அப்படித்தான்: முடியின் உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளையே உடைத்து மாற்றி அமைக்கிறார்கள். வேரில் புதிதாகச் சுருட்டை வளர வளர, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒடியும்.

பின்னால் எப்போதாவது செய்துகொள்வது என்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. அதேபோல, தலையில் போடப்போகும் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் உங்கள் உரிமை. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து ஊற்றினாலோ, உள்ளடக்கத்தைச் சொல்லத் தயங்கினாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.

மகளின் தலை

ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த ரசாயனம் எதுவும் கூடவே கூடாது. மொட்டை அடித்தால் முடி நேராகாது. மயிர்க்கால் தோலுக்குள் இருக்கிறது, சவரக் கத்தி அங்கே போவதில்லை. அவள் அழுவது காய்ந்த முடியில் சீப்பு மாட்டி வேர் இழுபடுவதால். தண்ணீரும் கண்டிஷனரும் போட்டு, சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுக்கப் பிடித்துக்கொண்டால், இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. அப்புறம், அவள் காதுபட 'பரட்டை' என்று சொல்பவர்களை நிறுத்தச் சொல்லுங்கள், அது பாட்டியாக இருந்தாலும் சரி.

பயோட்டின் மாத்திரையை நிறுத்திவிடலாம். பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மருத்துவரைப் பார்க்கும்போது ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு பார்க்கச் சொல்லுவார். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். கருத்தரிக்க முயலும் நேரத்தில் அந்த முடிவு சரியாக இருப்பது முக்கியம். அதனால் ரத்தம் கொடுக்கும் முன், இந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.